வள்ளுவர் எண்ணாத ஐந்தாம் கூறு

(தமிழ் மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் பத்துக் குறட்பாக்களுள் இறுதியில் நிற்பது மருத்துவத்திற்கு இலக்கணம் கூறுவது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், தீர்க்கும் மருந்து, உடனிருந்து உதவுபவன் என நான்கு கூறுகளை ஆசான் எண்ணிக் காட்டுகின்றார். இந் நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் அது மருத்துவம். ஒன்று குறையினும் மற்ற மூன்றும் பயன்படா. நல்ல மருத்துவர் இருந்து மருந்து இல்லையேல் என்ன பயன்? மருந்து இருந்து, அதனை வேளை தவறாது எடுத்துக் கொடுக்க ஆள் இல்லையேல் என்ன பயன்?

இந் நான்கனுள் பணம் என்று ஒன்று இல்லை என்பதை நோக்குங்கள். பொருளின் சிறப்பை வள்ளுவர் அறியாதவர் அல்லர். அதற்கென்றே தனி அதிகாரம் வகுத்தவர். ஆயினும் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணும்போது அவர் பொருளை எண்ணவில்லை. இன்றோ அழையாது வந்து நடுவீட்டில் அமர்ந்துகொண்ட விருந்தினனைப்போல, ஐந்தாவதாக ஒரு கூறு வந்து புகுந்துவிட்டது. “நோய் என்ன?” என்று கேட்குமுன் “கையில் எவ்வளவு இருக்கின்றது?” என்று கேட்கின்ற கூறு அது. கூறு என்று வந்தது ஏழைக்குக் கூற்றாகவே ஆகிவிட்டது.

இதனை நான் மிகைபடச் சொல்லவில்லை. நடுவணரசே வெளியிடும் நாட்டு நலவாழ்வுக் கணக்கைப் பாருங்கள். 2013-14-ஆம் ஆண்டில், இந்நாட்டில் மருத்துவத்திற்கென ஆன மொத்தச் செலவில் நூற்றுக்கு 64 உருபாவை மக்கள் தம் மடியிலிருந்தே அவிழ்த்துக் கொடுத்தனர். 2021-22-இல் அது 39 உருபாவாகக் குறைந்தது என்கிறது அதே கணக்கு. குறைந்தது நன்றே. ஆனால் நோயுற்ற அன்று கூலியும் இழந்து, அதன்மேல் கையிருப்பையும் கொட்டுகின்ற ஒருவனுக்கு அந்த 39 உருபா எங்கிருந்து வருகின்றது? தாலியிலிருந்து வருகின்றது, கறவை மாட்டிலிருந்து வருகின்றது, பிள்ளையின் படிப்பிலிருந்து வருகின்றது.

இந்த ஐந்தாம் கூற்றை வெளியேற்ற முடியுமா? முடியும் என்பதே என் உரை. அதுவும் ஒரு மாநில அரசால் முடியும். தமிழ்நாடு அதனைப் பாதிவழி செய்தும் காட்டியுள்ளது. செய்த பாதியைக் காப்பதும், செய்யாத பாதியைச் செய்விப்பதும் நம் கடமை.

கல்லில் எழுதிய கணக்கு

காஞ்சிபுரத்திற்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள திருமால் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றினை அக் கல்வெட்டு கூறுகின்றது. அதற்கு ஒரு மருத்துவர். அறுத்துப் பண்டுவம் செய்ய ஒருவர். மருந்துச் செடிகளைக் கொணர்வோர். நோயாளரைப் பேணப் பெண்டிர் இருவர். ஒவ்வொருவர்க்கும் இத்துணை நெல் என்று ஊதியம் குறிக்கப்பட்டுள்ளது. அதற்கும் மேலாக, ஆண்டு முழுமைக்கும் இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் வெட்டப்பட்டுள்ளது. ‘ஆதுலர் சாலை’ என்று அதற்குப் பெயர். பெயரில் வடசொல் கலந்திருக்கின்றது. அதனை நான் போற்ற மாட்டேன். ஆனால் அதனுள் இருக்கும் செயலோ போற்றத்தக்கது. வள்ளுவர் எண்ணிய நான்கு கூறுகளையும் ஒரே கல்லில் ஒருங்கே காண்கின்றோம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அம் மருத்துவமனை கோயிலைச் சார்ந்தோர்க்கும், அங்குத் தங்கிப் பயின்ற மாணவர்க்கும் உரியதாக இருந்ததேயன்றி, ஊரில் உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் உரியதாக இல்லை. அரசன் அளித்தது கொடை. கொடை, கொடுப்பவன் விரும்பியவரையே சென்று சேரும். நாம் இன்று கேட்பது உரிமை. உரிமை எல்லார்க்கும் ஒன்றே.

ஒரு மாநிலத்தால் இயலுமா?

“இவ்வளவு பெரிய பொறுப்பை ஒரு மாநிலம் தாங்குமா? இது நடுவணரசு செய்ய வேண்டியது அன்றோ?” என்று கேட்பார் உளர். அவர்க்கு விடையாகக் கனடா நாட்டின் மாநிலம் ஒன்றைக் காட்டுகின்றேன்.

சசுகாச்சவான் என்பது கோதுமை விளையும் பரந்த சமவெளி. 1940-களில் அதன் மக்கள் தொகை பத்து இலக்கத்திற்கும் குறைவு. பொருளாதார வீழ்ச்சியாலும் வறட்சியாலும் நொடித்துப் போன உழவர் வாழ்ந்த மாநிலம் அது. 1944-இல் அங்கு முதலமைச்சரானவர் தாமி தக்ளசு. அவர் சிறுவனாக இருந்தபோது காலெலும்பில் நோய் கண்டது, பணமில்லாத குடும்பம், காலை எடுத்துவிடுவதே வழி என்ற நிலையில், மாணவர்க்குக் கற்பிக்கும் பொருட்டு மருத்துவர் ஒருவர் பணம் பெறாது பண்டுவம் செய்து அக் காலைக் காத்தார். ஒருவரின் இரக்கத்தால் தமக்குக் கிடைத்தது, எவரின் இரக்கத்தையும் எதிர்பாராமல் எல்லார்க்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் அரசியலாயிற்று.

1947 சனவரி முதல் நாள் அம் மாநிலத்தில் மருத்துவமனைத் திட்டம் தொடங்கிற்று. ஆளுக்கு ஆண்டிற்கு ஐந்து தாலர் வரி. மருத்துவமனையில் தங்கிப் பெறும் பண்டுவத்திற்கு வேறு கட்டணம் இல்லை. பத்தாண்டு கழித்து, 1957-இல், நடுவணரசு அதனைப் பின்பற்றிச் சட்டம் இயற்றி எல்லா மாநிலங்களுக்கும் செலவில் பங்கு தர முன்வந்தது. அடுத்து, மருத்துவரிடம் செல்வதற்கும் கட்டணம் வேண்டா என்னும் திட்டத்தை 1962 சூலை முதல் நாள் அதே மாநிலம் செயற்படுத்தியது. மருத்துவர்கள் எதிர்த்து 23 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். அப்போது முதலமைச்சராக இருந்த உட்ரோ இலாயிடு பின்வாங்கவில்லை. இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது, திட்டம் நிலைத்தது. 1966-இல் கனடா முழுமைக்கும் அதுவே சட்டமாயிற்று.

இதில் நமக்குரிய பாடம் இரண்டு. பெருஞ்செல்வ நிலையை எட்டிய பின்னரே மக்கள் மருத்துவம் என்பது பொய். அடுத்து, வழிகாட்டியது தலைநகர் அன்று, மாநிலம். நடுவணரசு செய்தது செலவில் பங்கு தந்தமை. நடத்தும் பொறுப்பு மாநிலங்களிடமே இருந்தது.

நம் நாட்டிலும் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் ஆறாம் பதிவில், பொதுநலவாழ்வும் மருத்துவமனைகளும் மாநிலத்திற்கு உரியன என்றே எழுதப்பட்டுள்ளன. அச் சட்டம் வருமுன்பே, 1939-இல், சென்னை மாநிலம் பொதுநலவாழ்வுச் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது. நோய் வந்தபின் தீர்ப்பதற்கு ஒரு துறை, வருமுன் காப்பதற்குத் தனித்துறை என்று பிரித்து, பொதுநலவாழ்விற்கெனத் தனி இயக்குநரகம் 1922-இலேயே இங்கு அமைந்துவிட்டது. ஆகவே இது நமக்குப் புதிய வழி அன்று.

இனி, வள்ளுவர் எண்ணிய கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து நம் மாநிலத்தில் அதன் நிலையைப் பார்ப்போம். மருந்திலிருந்து தொடங்குகின்றேன், நம் மாநிலத்தின் தலைசிறந்த ஆக்கம் அங்கேதான் இருக்கின்றது.

மருந்து

இலக்கணத்தில் ஒருபொருட் பன்மொழி என்று ஒன்று உண்டு. ஒரே பொருளைப் பல சொற்கள் குறிப்பது. செய்யுளில் அது அழகு, குற்றமில்லை. மருந்துக் கடையில் அதுவே கொள்ளை. ஒரே மருந்து, உள்ளிருக்கும் சரக்கு ஒன்றே, அதற்கு ஒரு பொதுப்பெயர் உண்டு. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இடுகுறிப் பெயரைச் சூட்டிப் பளபளக்கும் தாளில் சுற்றி விற்கின்றது. பெயருக்கொரு விலை. விளம்பரச் செலவும், மருத்துவரைத் தேடிவரும் விற்பனையாளர் செலவும், மொத்த வணிகர் பங்கும், சில்லறை வணிகர் பங்கும் அம் மாத்திரையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. நோயாளி விழுங்குவது ஒரு மாத்திரை. சுமப்பது ஐவர் செலவு.

1990-களின் தொடக்கத்தில் நம் அரசு மருத்துவமனைகளின் நிலையும் நன்றாக இல்லை. ஓரிடத்தில் மருந்து தேங்கிக் கெடும். மற்றோரிடத்தில் ஊசி மருந்தே இராது. வாங்குவதில் முறைகேடுகளும் வெளிப்பட்டன. இந்நிலையில்தான் 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. அதன் முதல் மேலாண்மை இயக்குநராக இருந்து முறைகளை வகுத்தவர் ஆட்சிப் பணியாளர் பூர்ணலிங்கம். 1995 முதல் அக் கழகம் மருந்து வழங்கத் தொடங்கிற்று.

அது செய்தது மாயம் அன்று. நல்ல இல்லத்தரசி செய்யும் கொள்முதலே. நூற்றுக்கணக்காக நீண்டு கிடந்த மருந்துப் பட்டியலைச் சுருக்கி, பெரும்பாலான நோய்களுக்குப் போதுமான ஏறத்தாழ 250 இன்றியமையா மருந்துகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றைப் பொதுப்பெயரிலேயே வாங்கியது. மாநிலம் முழுமைக்கும் வேண்டிய அளவை ஒன்றாகத் திரட்டி, தரகரை விலக்கி, உருவாக்குவோரிடமே ஒப்பந்தப்புள்ளி கேட்டது. தகுதியைக் காட்டும் உறை ஒன்று, விலையைக் காட்டும் உறை ஒன்று. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாம் உறை பிரிக்கப்படாது. வந்த சரக்கில் தொகுதிதோறும் மாதிரி எடுத்து, உருவாக்கியவர் பெயரை மறைத்து, குறியெண் மட்டும் இட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பியது. தேறாத சரக்கு திரும்பிற்று. தவறு செய்த நிறுவனம் ஒதுக்கி வைக்கப்பட்டது.

மாவட்டந்தோறும் கிடங்கு கட்டினர். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்கேடு தந்தனர். ஆண்டிற்கு இன்ன தொகைக்கு மருந்து பெறலாம் என்று அதில் எழுதியிருக்கும். மருத்துவமனை தனக்கு வேண்டிய மருந்தைக் கிடங்கில் பெற்றுக்கொள்ளும், ஏட்டில் கழித்துக்கொள்வர். பணம் கைமாறுவதில்லை, மருந்துதான் மாறும். பணம் கைமாறாத இடத்தில் கையூட்டிற்கு இடம் குறைவு. கிடங்கில் உள்ள இருப்பைக் கணிப்பொறி காட்டும். விலை எங்ஙனம் குறைந்தது என்று கேட்பார்க்கு இதுவே விடை. ஏழு கோடி மக்களின் தேவையைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அரசு பேசும்போது, விற்பவன் குரல் தாழ்கின்றது. தனியாள் கடையில் நின்று கேட்கும்போது, வாங்குபவன் குரல் தாழ்கின்றது.

சசுகாச்சவான் கனடாவிற்கு வழிகாட்டியது போலவே இதுவும் நடந்தது. கேரளம் தனக்கெனக் கழகம் அமைத்துக்கொண்டது. இராசத்தான் 2011-இல் கழகம் அமைத்து, அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் விலையில்லா மருந்துத் திட்டத்தைத் தொடங்கிற்று. தமிழ்நாடு வகுத்த முறையே பல மாநிலங்களுக்கு இலக்கணமாயிற்று.

ஆயினும் இன்றும் அரசு மருத்துவமனையில் “இது இங்கில்லை, வெளியில் வாங்கிக்கொள்” என்று சீட்டு எழுதிக் கொடுப்பது முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஏழைக்கு அந்தச் சீட்டு, வாயிலில் மீண்டும் நிறுத்தப்பட்ட ஐந்தாம் கூறு. கழகத்தைப் போற்றுவதோடு அதனைக் கண்காணிப்பதும் நம் பொறுப்பு.

மருத்துவர்

புறநானூற்றில் பாடிய புலவருள் ஒருவர் மருத்துவன் தாமோதரனார். மருத்துவர் ஒருவர் மக்கள் மொழியில் பாடும் புலவராகவும் இருந்தார் என்பதற்கு அப் பெயரே சான்று. இன்று நம் சிற்றூர்க்கு வேண்டியதும் அம் மக்களுள் ஒருவராக நின்று மருத்துவம் பார்ப்பவர்தாம்.

படித்த மருத்துவர் நகரை விட்டு அகல மாட்டார் என்பது உலகெங்கும் உள்ள குறை. தமிழ்நாடு அதற்கு ஒரு வழி கண்டது. தொடக்க நலவாழ்வு நிலையங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்க்கு, மேற்படிப்பு இடங்களில் அரசுப் பங்கில் பாதியை ஒதுக்கியது. சில ஆண்டுகள் சிற்றூரில் பணி செய்தால் பின்னர் வல்லுநராகலாம் என்னும் நம்பிக்கை இளம் மருத்துவரைச் சிற்றூருக்கு ஈர்த்தது. வல்லுநரானவரும் அரசு மருத்துவமனைக்கே திரும்பினார். ஒரு செலவுமின்றி இரு பயன்.

இதில்தான் இடையூறு வந்தது. 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆம் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. பின்னர் மருத்துவப் படிப்பின் விதிகளை நடுவண் மன்றமே முடிவு செய்யலாயிற்று. அவ் விதிகளைக் காட்டி 2017-இல் இந்த ஒதுக்கீடு தடைப்பட்டது. மருத்துவர் போராடினர், வழக்கு நடந்தது. 2020 ஆகசுட்டு 31-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு, பணியிலுள்ள மருத்துவர்க்கு இவ்வாறு ஒதுக்கும் உரிமை மாநிலத்திற்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. எங்கோ இயற்றிய ஒரு விதியால் இங்கே ஒரு சிற்றூர் மருத்துவர் இன்றித் தவிக்கக் கூடும் என்பதனை அவ் ஆண்டுகள் நமக்குக் கற்பித்தன. மாநில உரிமை என்பது மேடைச் சொல் என்று எண்ணுவார் இதனைக் கருதட்டும். அது நள்ளிரவில் பேறுகால வலியோடு வரும் பெண்ணுக்கு மருத்துவர் இருப்பாரா, இல்லையா என்னும் வினா.

அதே 2020-இல், அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டத்தை நம் மாநிலம் இயற்றிற்று. நுழைவுத் தேர்வால் அடைக்கப்பட்ட வாயிலில் ஒரு சிறு திட்டிவாசல் திறந்தது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான எளிய வீட்டுப் பிள்ளைகள் அதன்வழி நுழைகின்றனர். அவர்கள் நோயாளியின் மொழியை மட்டுமன்று, அவன் வறுமையையும் அறிந்தவர்கள்.

உடனிருந்து உதவுபவர்

வள்ளுவர் நான்காவதாக எண்ணியவரையே நாம் பெரும்பாலும் மறக்கின்றோம்.

2021-ஆம் ஆண்டிற்கு முன்பு, என் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பின் நடுவிலே நின்றுவிட்டான். தந்தை நெசவாளர், நீரிழிவு நோயர். அவர்க்குரிய மாத்திரை, அரசு நலவாழ்வு நிலையத்தில் விலையின்றிக் கிடைத்ததுதான். ஆனால் சென்று வரிசையில் நின்று வாங்கி வருவதற்கு ஒரு நாள் தறி நிற்கும். ஒரு நாள் தறி நின்றால் அன்றைய அடுப்பு நிற்கும். ஆதலின் சில திங்கள் வாங்கினார். சில திங்கள் விட்டார். காலில் புண் வந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் காலை எடுத்தனர். தறியை விற்றுக் கட்டணம் கட்டினர். மகன் கடைவேலைக்குச் சென்றான். அங்கே மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், விலையும் இல்லை. இல்லாமற் போனது, அம் மருந்தை அவர் கையில் கொண்டு சேர்க்கும் ஓர் ஆள்.

அந்த ஓர் ஆளை அனுப்பும் திட்டம் பின்னரே வந்தது. 2021 ஆகசுட்டு 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. நலவாழ்வுப் பெண் தொண்டர்கள் வீட்டுக்கு வந்து குருதிக் கொதிப்பையும் நீரிழிவையும் அளந்து பார்க்கின்றனர். மாத்திரையைக் கையில் தருகின்றனர். படுக்கையில் கிடப்போர்க்கு உடலியக்கப் பயிற்சியும் வலிதணிக்கும் பேணலும் கிடைக்கின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது.

நாட்டுப்புறங்களில் மட்டும் ஏறத்தாழ 1,400 தொடக்க நலவாழ்வு நிலையங்கள் உள்ளன. அவற்றில் மும்மூன்று செவிலியரை அமர்த்தி இரவும் பகலும் பேறுகாலம் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு செய்தது. அதன் பயனைக் கணக்கில் காணலாம். 2018-20-இல், இலக்கம் பேறுகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர், தமிழ்நாட்டில் 54. ஓராண்டு நிறையாமல் இறந்த குழந்தைகள் 2020-இல் ஆயிரத்திற்கு இந்தியாவில் 28; தமிழ்நாட்டில் 13. அவ் வேறுபாட்டினுள் எத்தனை உயிர்கள்! அவற்றைக் காத்தவர் பெரும்பாலும் பெயர் தெரியாத செவிலியர். அச் செவிலியருள் பலர் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டு, நிலையான பணி கேட்டுப் பன்முறை தெருவில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது நமக்குப் பெருமை தருவதன்று. திருமுக்கூடல் கல்லில் பேணும் பெண்டிர்க்கு நெல் இத்துணை என்று வெட்டி வைத்த மரபினர் நாம்.

நோயாளி

இனி, இவை அனைத்தும் எவர் பொருட்டோ அந் நோயாளி. அவன் கையில் மருத்துவர் எழுதிய சீட்டு இருக்கின்றது; அது ஆங்கிலத்தில் இருக்கின்றது. மாத்திரைப் பட்டையில் பெயர் ஆங்கிலத்தில். கத்தி வைப்பதற்கு ஒப்புதல் என்று ஒரு தாளை நீட்டுகின்றனர். படிக்க முடியாத அத் தாளில் மனைவி கைந்நாட்டு இடுகின்றாள். தமிழில் எழுதுவதை மொழிப்பற்றாளரின் விருப்பம் என்று எண்ணிப் புன்னகைப்பார் உளர். எந்த மாத்திரையைக் காலையில் விழுங்குவது, எதனை இரவில் விழுங்குவது என்பதை அறியாமல் மாற்றி விழுங்குகின்ற முதியவளுக்கு அது விருப்பம் அன்று, உயிர். மருந்தின் பெயரைத் தமிழ் எழுத்திலும், அளவையும் வேளையையும் தமிழ்ச் சொல்லிலும் எழுதுவதற்குக் கோடிகள் வேண்டா. ஓர் ஆணை போதும்.

அடுத்தது காப்பீடு. 2009 சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 சனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. நெஞ்சக அறுவை போன்ற பெரும் பண்டுவம் ஏழைக்கு எட்டியது இவற்றால் என்பதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் காப்பீடு முதன்மையாகப் பணம் தருவது, மருத்துவமனையில் படுத்தவனுக்கு. நாள்தோறும் மாத்திரை விழுங்கி நடமாடுகின்றவனுக்கு அது துணை நிற்பதில்லை. குடும்பங்களைச் சிறுகச் சிறுக அரித்துத் தின்பதோ அந்த நாள்தோறும் ஆகும் செலவுதான்.

மேலும், பணம் நுழையும் இடத்தில் மருத்துவத்தின் போக்கே மாறுகின்றது. 2019-21-இல் எடுத்த நாட்டுக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பேறுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 வயிற்றைக் கிழித்து எடுத்தவை. அரசு மருத்துவமனைகளில் 36. அரசு மருத்துவமனையின் எண்ணும் மிகுதிதான். ஆனால் இரண்டிற்கும் இடையே இத்துணை வேறுபாடு எதனால்? ஒரே மண்ணின் பெண்டிர்தாமே! கத்திக்கு விலை உண்டு. காத்திருப்பிற்கு விலை இல்லை என்பது ஒரு கரணியமாக இருக்க வேண்டும்.

ஆகவே அரசின் பணம் முதலில் அரசு மருத்துவமனையை வளர்க்க வேண்டும். அங்கு இல்லாததற்கு மட்டுமே வெளியே செல்ல வேண்டும். வெளியே உள்ளவர்க்கும் கட்டுப்பாடு வேண்டும். தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நம் மாநிலம் 1997-இலேயே இயற்றிற்று. அதற்குரிய விதிகள் வந்ததோ 2018-இல்! இருபத்தோராண்டு ஒரு சட்டம் படுக்கையில் கிடந்தது. இன்னும் அது எழுந்து நன்கு நடக்கவில்லை.

கேட்க வேண்டுவன

பெருமக்களே! கேட்க வேண்டுவனவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன்.

ஒன்று: மருத்துவப் பணிகள் கழகத்தின் பட்டியலில் உள்ள மருந்து எதுவும் எந்த அரசு மருத்துவமனையிலும் இல்லை என்னும் நிலை வரக் கூடாது. இன்று எந்தெந்த மருந்து இருப்பில் உள்ளது என்பதை வாயிலில் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். இரண்டு: செவிலியர்க்கும், வீடு தேடி வரும் தொண்டர்க்கும் நிலையான பணியும் வாழத்தக்க ஊதியமும் வேண்டும். மூன்று: மருந்துச் சீட்டும், ஒப்புதல் தாளும், கட்டணப் பட்டியும் தமிழில் வேண்டும், தனியார் மருத்துவமனையிலும் வேண்டும். நான்கு: ஒவ்வொரு பண்டுவத்திற்கும் என்ன கட்டணம் என்பதைத் தனியார் மருத்துவமனைகள் வாயிலில் எழுதி வைக்க வேண்டும். ஐந்து: மருத்துவக் கல்வியில் மாநிலத்தின் உரிமை மீள வேண்டும்.

இவற்றிற்குப் பணம் எங்கே என்று கேட்பார்க்கும் விடை உண்டு. 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்களுள் தமிழ்நாட்டார் நூற்றுக்கு ஏறத்தாழ அறுவர். 2021 முதல் 2026 வரை, நடுவணரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்த வரியில் நமக்கு 15-ஆம் நிதிக்குழு வகுத்த பங்கோ நூற்றுக்கு நான்கை ஒட்டியது. மக்கள் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தி, தாயையும் சேயையும் காத்தவர் நாம். காத்தமைக்குப் பரிசு, பங்கு குறைதலா?

ஆனால் அரசை மட்டும் குறை கூறிக் கலைந்துவிடக் கூடாது. நம்மில் படித்தவரும் பணம் உள்ளவரும் அரசு மருத்துவமனையை விட்டு விலகியதால்தான் அது கேட்பாரற்றதாயிற்று. கேட்கத் தெரிந்தவன் வரிசையில் நின்றால் வரிசை ஒழுங்காகும். ஊராட்சி மன்றக் கூட்டத்தில் சாலைக்கும் விளக்கிற்கும் குரல் எழுப்புகின்ற நாம், நம் ஊர் நலவாழ்வு நிலையத்தில் இரவில் செவிலியர் இருக்கின்றாரா என்று கேட்டதுண்டா? அடுத்த திங்கள் கூடும்போது, இங்குள்ள ஒவ்வொருவரும் தத்தம் ஊர் நிலையத்திற்கு ஒருமுறை சென்று, என்ன இருக்கின்றது, என்ன இல்லை என்று எழுதி வாருங்கள். அவற்றைத் தொகுத்து முறையாக மாவட்ட அலுவலர்க்கு அனுப்புவோம். ஐம்பது ஊரின் குறிப்பு ஒரு மேடைப் பேச்சினும் வலிமை உடையது.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருப்பவர் என்று நான்கோடு நிறுத்தினார் வள்ளுவர். நாம் ஐந்தாவதற்கு இடம் கொடுத்துவிட்டோம். அதனை வெளியேற்றும் ஆற்றல் நம் மாநிலத்திற்கு உண்டு என்பதற்கு மருந்துக் கிடங்குகளே சான்று. மீதி வேலையை முடிப்போம்.

வாழ்க தமிழ்! நோயற்று வாழ்க தமிழர்!